பதினேழாம் வீட்டில் நான் எழுதாத பெயர்

இனியா,

சனிக்கிழமை சாயங்காலம் நீ ஃபோன் செய்தபோது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே எரியவில்லை. ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அது மறுபடி அடித்துவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ ஒரு கேள்வி கேட்டாய். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். முப்பது வருடமாக மற்றவர்களுக்கு விண்ணப்பமும் புகாரும் எழுதிக் கொடுத்தவள், மேடையில் பேசியவள், உன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் பாலைக் காரணம் காட்டினேன். அந்தப் பதிலைத்தான் இதில் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி. வேகமாகப் படித்தால் என்மேல் கோபம் மட்டும்தான் வரும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். கழக்கூட்டத்தில் உன் ஆபீசுக்கு எதிரே எழும்பும் கட்டடத்திலிருந்து ஒரு வங்காளத் தொழிலாளி விழுந்து செத்தான். அவன் பெயர் என்ன, எந்த ஊர், வீட்டில் யாரிடம் சொல்வது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. உடல் இரண்டு நாள் பெயரில்லாமல் கிடந்தது. அதைக் கண்டு பொறுக்காமல் நீயும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் சாயங்காலங்களில் தகரக் கொட்டகைகளுக்குப் போய், அறுபத்தெட்டுப் பேரின் பெயர், ஊர், வீட்டு ஃபோன் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதினீர்கள். இனி ஒருவனும் அங்கே பெயரில்லாமல் சாகக் கூடாது என்பதற்காக. இப்போது அந்த நோட்டை வியாழக்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுக்க வேண்டுமாம். "அம்மே, குடுத்தா எல்லாருக்கும் ஐடி கார்டு கிட்டும்னு பறயுறாங்க. மதம்னு ஒரு கட்டம் மட்டும் சேர்க்கணுமாம். குடுத்துரட்டா?" என்று கேட்டாய். அதற்கு நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஒன்றுமில்லாத விஷயம்போல இன்னொன்றும் சொன்னாய்: "எஸ்.ஐ. என் முழுப் பேரும் கேட்டாரு. இனியன் மைதீன்னு சொன்னேன். ஓ, அங்ஙனெயாணல்லேன்னு ஒரு சிரி."

ஓ, நீ அந்த ஆளா என்கிற அந்தச் சிரிப்பில்தான் என் பால் பொங்கியது.

நம் வீட்டு முன்னறையில் ஒரு படம் தொங்குகிறதே, செக்ரட்டேரியட் வாசலில் ரோட்டில் உட்கார்ந்து நான் கையை ஓங்கிக் கத்துகிற படம். உன் நண்பர்கள் வந்தால் நீ முதலில் அதைத்தான் காட்டுவாய். "என்டம்ம பயங்கரமாணு" என்பாய். அந்தப் படத்தில் என் கண் எங்கே பார்க்கிறது என்று நீ கவனித்ததில்லை. போலீஸைப் பார்க்கவில்லை. வலது ஓரமாகப் பார்க்கிறது. அங்கே ஒரு கடை வராந்தாவில் உன்னை உட்காரவைத்துவிட்டு வந்திருந்தேன், அடி விழுந்தால் எந்தப் பக்கமாக ஓடி உன்னைத் தூக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது தைரியத்தின் படம் அல்ல. நான் தைரியசாலி என்று நினைத்துத்தான் நீ அந்தக் கொட்டகைகளுக்குள் நுழைந்திருக்கிறாய் என்றால், தப்பான படத்தைப் பார்த்து நுழைந்திருக்கிறாய். எனக்கு எப்போதும் பயம் உண்டு. பயப்பட்டதற்காக நான் வெட்கப்படவில்லை. அந்தப் பயத்தை ஒருமுறை எப்படிச் செலவழித்தேன் என்பதுதான் வெட்கம். அதைப் பத்து வருடத்துக்கும் மேலாக உன்னிடம் சொல்லவில்லை.

எனக்குப் பட்டியல்கள்மேல் ஒரு வெறி உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். போனக்காட்டுக்கும் அப்பால் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்தேன். காலையில் தொழிலாளர்கள் எல்லாரும் வரிசையாக நிற்க, கணக்குப்பிள்ளை பேரேட்டைத் திறந்து பெயர் வாசிப்பார். பெரட்டு என்று அதற்குப் பெயர். பெயர் வாசித்தால் வேலை உண்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அறை உண்டு. பேரேட்டில் கோடு விழுந்தால் இரண்டும் இல்லை. என் அம்மாவின் பெயர் முத்துமாரி. தோட்டத்தில் நிறைய மாரிகள் இருந்ததால் பேரேட்டில் அவள் மாரி நாலு. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் மாரி நாலுதான். அவள் செத்தபோது வந்த கணக்குப்பிள்ளை, "மாரி நாலு போயிட்டாளா" என்று கேட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்ற மாரி ஐந்தைப் பார்த்து, "இனி நீதான் நாலு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. அன்றைக்கே முடிவுசெய்தேன், மனுஷர்களின் பெயரை முழுசாக, சரியாக எழுதுவதுதான் என் வேலை என்று. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்திருந்தேன். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு இறங்கினேன்.

கரமனை ஆற்றை ஒட்டிய அந்தக் காலனியில்தான் உனக்குப் பன்னிரண்டு வயது வரை இருந்தோம். முப்பத்தொரு வீடு, ஒரே தண்ணீர்க் குழாய். எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த தமிழர்கள். கொத்தனார், சித்தாள், ஹோட்டல் வேலை, கடை வேலை. ரேஷன் கார்டுக்குப் போனால் "தமிழனோ, பின்னெ வா" என்பார்கள். ஃபாரம் எல்லாம் மலையாளத்தில் இருக்கும். நான்தான் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தேன். உன் வாப்பா கடையநல்லூரிலிருந்து வந்து ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தார். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது அவர் வீட்டிலும் எங்கள் லயத்திலும் எங்களைத் தலைமுழுகினார்கள். உனக்குப் பெயர் வைக்கும்போது கொள்கை என்று எல்லாரிடமும் சொன்னேன். எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத பெயர் என்று பெருமையாகச் சொன்னேன். அது பாதிப் பொய். உன் பெயரைக் கேட்டு யாரும் உன்னை ஒரு பக்கம் தள்ளிவிடக் கூடாது என்கிற பயம்தான் மீதிப் பாதி. ஒன்றாம் வகுப்பில் டீச்சர், "இனியனோ? இது எந்து கூட்டரா?" என்று ஜாதி, மதம் விசாரித்தபோது, "மனுஷக் கூட்டம் டீச்சரே" என்றேன். வாப்பாவின் பெயரை மட்டும் ஒரே எழுத்தாகச் சுருக்கி, இனியன் எம். என்று எழுதிவிட்டு வந்தேன். நீ வளர்ந்ததும் அந்த எழுத்தை நீயாகவே விரித்துக்கொண்டாய். சந்தோஷப்படவேண்டியவள். சனிக்கிழமை அந்த விரிந்த பெயரை உன் வாயால் கேட்டதும்தான் பால் பொங்குகிறது என்று சொன்னேன்.

இனி நான் வெட்கப்படுகிற அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். நான் சேர்ந்திருந்த போராட்ட அமைப்பு ஒரு மத நல்லிணக்கக் கூட்டம் நடத்தியது. நீ இந்த மாதிரிக் கூட்டங்களைப் பார்த்திருப்பாய். மூன்று மதத்துப் பெரியவர்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள், பிறகு மூன்று காரில் ஏறி மூன்று பக்கமாகப் போவார்கள். எனக்கு அதில் அப்போதே எரிச்சல்தான். சும்மா கைகுலுக்குவதைவிட நம் காலனியைக் காட்டலாமே என்று நினைத்தேன். வீடுவீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தேன். வீட்டு எண், குடும்பத் தலைவர், சொந்த ஊர், தொழில், சமுதாயம். சமுதாயம் என்கிற கட்டத்தைப் போடச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒற்றுமையைக் கண்ணால் பார்க்கும்படி காட்ட வேண்டும் என்று நானே கோடு போட்டுச் சேர்த்தேன். மூன்று மதம், முப்பத்தொரு வீடு, ஒரே குழாய் என்று அட்டையில் எழுதி மேடையில் தொங்கவிட்டேன். பதினேழாம் எண் நம் வீடு. ஷேக் மைதீன், கடையநல்லூர், ஹோட்டல் தொழில், இஸ்லாம், மனைவி இந்து, கலப்பு மணம். அந்த வரியைப் படிக்கும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தது. கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் பாதுகாப்புக்கு வந்து உட்கார்ந்திருந்த எஸ்.ஐ.யும் கைதட்டினார்.

அதன்பிறகு சில மாதங்களில் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் குண்டு வெடித்தது. இங்கே பேப்பரில் நாள்தோறும் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் என்று எழுதினார்கள். பஸ்ஸில் தமிழ் பேசினால் திரும்பிப் பார்த்தார்கள். உன் வாப்பா ஹோட்டலில் தன்னை மாஸ்டர் என்று மட்டும் கூப்பிடச் சொன்னார். ஒருநாள் மத்தியானம் அந்த எஸ்.ஐ. அமைப்பு ஆபீசுக்கு வந்தார். கெட்ட ஆளாக வந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் நல்லவராக வந்தார். "சேச்சியே, ஒரு ஹெல்ப் வேணம். அந்நு சேச்சி வாயிச்ச ஆ லிஸ்ட் உண்டல்லோ, அது ஒந்நு தரணம். பேடிக்கண்டா. ஒரு வெரிஃபிகேஷன், அத்ரயே உள்ளூ." பயப்பட ஒன்றுமில்லை, ஒரு சரிபார்ப்பு மட்டும்தான் என்றார். எங்கள் செயலாளர், நல்ல மனுஷன், இருபது வருடப் போராட்டக்காரர், "கொடுத்தேக்கு. நமுக்கு மறைக்கான் எந்தா உள்ளது?" என்றார். பட்டியல் அப்போது என் கைப்பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். இல்லை, தர முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் இரண்டும் செய்யவில்லை. "அது கிழிஞ்சு போயிருக்கு சார். நாளைக்குப் புதுசா எழுதித் தர்றேன்" என்றேன்.

அது கிழியவில்லை, இனியா.

மறுநாள் நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய், வாப்பா வேலைக்குப் போயிருந்தார். தரையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ஒன்றிலிருந்து பதினாறு வரை பழைய தாளைப் பார்த்து அப்படியே எழுதினேன். பதினேழு வந்தது. என் பெயரை எழுதினேன். குடும்பத் தலைவி. சமுதாயம், இந்து. உறுப்பினர்கள், இரண்டு. கையெழுத்துகூடக் கோணவில்லை. பிறகு பதினெட்டு. காதர், தென்காசி, மொசைக் பாலிஷ் வேலை, இஸ்லாம். ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். காதரின் மகள் இருமினால் நான் எழுந்து உட்காருவேன். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று என் கை எழுதியது. தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தெரிந்ததால்தான் வாப்பாவை எடுத்தேன். ஆபத்து என்று என் வீட்டுக்கு ஒத்துக்கொண்டேன், அவர்கள் தப்பு செய்யாதவர்கள், ஒன்றும் ஆகாது என்று மற்ற நாலு முஸ்லிம் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். ஆம்பிளைகள் எல்லாரும் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். காதரும் வாப்பாவும் பக்கத்துப் பக்கத்துக் கல். "மாஸ்டரே, பரோட்டான்னு நெனச்சு அடிக்கீரே, அது சட்டைவே. கிழிஞ்சுரும்" என்று காதர் சொல்ல, "உம்ம லுங்கிக்கு இன்னும் கொஞ்சம் பாலிஷ் போடும்வே, மொகம் தெரியட்டும்" என்று வாப்பா சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. ஒரு கான்ஸ்டபிள் இறங்கித் தாளைப் பிரித்தான். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளின் மடிப்பை எனக்குத் தெரியும். அவன் எண்ணும் பெயருமாக வாசித்தான். நாலு. ஒன்பது. பதினெட்டு. இருபத்தாறு. தோட்டத்துப் பெரட்டு மாதிரியே இருந்தது. எழுதியது மட்டும் கணக்குப்பிள்ளை இல்லை, நான். வாப்பா, ஒன்பது வாசித்ததுமே வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, தன் பெயருக்காகத் தயாராக நின்றார். பதினெட்டு என்று கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. விட்டுப்போய்விட்டது, இப்போது திரும்பி வாசிப்பான் என்று காத்திருந்தார். வாசிக்கவில்லை. நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. காதரின் துணி கல்மேல் அப்படியே நுரையோடு கிடந்தது. வாப்பா அதையும் அலசி, பிழிந்து, காதர் வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்தார்.

உள்ளே வந்து ஒன்றே ஒன்று கேட்டார். "அது ஒன் எழுத்துதானே?"

"ஆமா" என்றேன்.

"சரி" என்றார். அவ்வளவுதான். இன்றுவரை அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது நியாயம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் அவர் ஹோட்டலுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். "சார், பதினேழாம் நம்பர்ல எம் பேரு விட்டுப்போச்சு. ஷேக் மைதீன். எழுதிக்கிடுங்க" என்றாராம். "நினக்கு பிராந்துண்டோடா?" என்று, பைத்தியக்காரனைப் பார்த்ததுபோல ஒருவன் சிரித்திருக்கிறான். சாயங்காலம் வரை வராந்தாவில் நிற்கவைத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாளும் போனார். மூன்றாம் நாள் நானும் அவரோடு போனேன். எனக்குத் தைரியம் வந்து போகவில்லை. அவர் தனியாக அங்கே நிற்பதை நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியவில்லை.

அங்கே விசாலம் மாமியும் வந்தாள். ஸ்ரீவராகம் தெருவில் இருந்தாளே, வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவள், அமைப்பின் மனுக்களை எல்லாம் அடித்துக் கொடுத்தவள். அவள் நம் வீட்டில் ஒருநாளும் தண்ணீர் குடித்ததில்லை. உனக்கு முறுக்கு கொண்டுவருவாள், கையில் படாமல் மேலிருந்து போடுவாள். அதற்காக எனக்கு அவள்மேல் இன்றும் கோபம் உண்டு. அந்த மாமிதான் அவர்களை விடும்வரை ஒருநாள் தவறாமல் தன் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான் பாட்டுக்கு இங்கயே ஒக்காந்துண்டிருக்கேன்டி. அந்த நாலு பேரையும் இவா அடிக்கறச்சே வெளியில ஒரு கிழவி ஒக்காந்திருக்கான்னு தெரியட்டும்" என்றாள். மத நல்லிணக்க மேடையில் என்னைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவரும் அங்கே வரவில்லை. செயலாளர் ஒருமுறை வந்து, "நமக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்காம்" என்று, கொடுத்தால் போதும் என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். மனுஷர்கள் ஒருவரை ஒருவர் நேசித்தால்தான் கூட நிற்பார்கள் என்று அதுவரை மேடையில் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குப்பிறகு பேசவில்லை. என் பாத்திரத்தைத் தொடாதவள் எனக்காக உட்கார்ந்தாள். காதர் மகளைத் தூக்கி வளர்த்த நான் அவனை எழுதிக் கொடுத்தேன். நேசம் எங்கே இருந்தது, எங்கே இல்லை என்று எனக்கு இப்போதும் கணக்குத் தெரியவில்லை. யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

பத்தொன்பதாம் நாள் நாலு பேரையும் விட்டார்கள். கேஸ் ஒன்றும் இல்லை. காதருக்கு இடது காது கேட்கவில்லை. பாலிஷ் மிஷின் பிடித்தால் கை உதறிற்று. வீட்டுக்கு வந்த அன்றே நம் வாசலில் வந்து நின்று, "அக்கா, நீங்க மட்டும் தெனமும் வந்து நிக்கலைன்னா எங்கள மறந்தேபோயிருப்பாங்க" என்று சொல்லி அழுதான். அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் அவனுக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன். அவன் மனைவி ஜன்னத், டம்ளரைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், "அண்ணன் பேர மட்டும் வாசிக்கலியேக்கா அன்னைக்கு. அல்லாதான் மறைச்சுட்டான்" என்றாள். அதை நம்பித்தான் சொன்னாளா, என் முகத்தைப் பார்ப்பதற்காகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் டம்ளரை வாங்கிக் கழுவினேன். ஒரு மாதத்தில் வீட்டுக்காரன் அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டான். எங்கே போகிறார்கள் என்று சொல்லாமலே போனார்கள். தென்காசியில் தேடினேன், கிடைக்கவில்லை. இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் தபாலில் போடாமல் பத்திரிகைக்கும் கொடுப்பது அதனால்தான். அந்தச் சின்னப்பெண்ணுக்கு இப்போது இருபது வயதாவது இருக்கும். அவள் தமிழ் படிப்பவளாக இருந்தால், அவள் வாப்பாவின் காது போனது யார் எழுத்தால் என்று தெரிந்துகொள்ளட்டும். மன்னிக்கச் சொல்லவில்லை. மறைத்தது அல்லா இல்லை என்று மட்டும் தெரியட்டும்.

இப்போது உன் நோட்டு. ஐடி கார்டு நிஜமாகவே வரலாம். எஸ்.ஐ. நல்லவராகவே இருக்கலாம், அன்றைக்கு வந்தவரும் நல்லவர்தான். ஆனால் இன்று நல்லவர் வாங்கிப் பெட்டியில் வைப்பதை, நாளைக்கு வேறொருவர் எடுத்துப் பிரிப்பார். எங்கோ ஒரு ஊரில் ஏதோ ஒன்று வெடிக்கும். அன்றைக்கு அந்த மதக் கட்டம் மட்டும்தான் வாசிக்கப்படும். கான்ட்ராக்டருக்கு அதில் ஒரு பிரதி போகும், பாதுகாப்புக் கயிறும் பெல்ட்டும் கேட்டு வாய்திறந்தவன் யார் என்று அவன் பார்த்துக்கொள்வான். ஆகவே கொடுக்காதே. வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றும் நிற்காதே, உன்னிடம் இருக்கும்வரை அது உன் கையிலிருந்து எடுக்கப்படலாம். இது கையில் கிடைத்த அன்றே கொட்டகைக்குப் போ. அவரவர் பெயர் எழுதியதைக் கத்தரித்து அவரவர் கையில் கொடு. பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளச் சொல். விழுந்தால் பெயர் உடம்போடு இருக்கும், அதற்காகத்தானே எழுதினாய். உன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால் அழித்துவிடு. அறுபத்தெட்டுப் பெயரும் அறுபத்தெட்டு இடுப்பில் இருக்கட்டும். வியாழக்கிழமை கேட்டால், பட்டியல் இல்லை என்று நீ சொல்வது உண்மையாகவே இருக்கும்.

இதை எழுதும்போதே என்னில் பாதி, கொடுத்துத் தொலைடா, கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்று கத்துகிறது. உன் பெயரைக் கேட்டுச் சிரித்தவர், பட்டியல் இல்லை என்று நீ சொன்னால் சிரிக்க மாட்டார். வேலை போகலாம். நிற்கவைக்கலாம். அதற்குமேல் நினைக்க என்னால் முடியவில்லை. நேற்று மத்தியானம் துணி மடிக்கும்போது உன் பழைய சட்டையின் காலரை எடுத்து உன் காது எங்கே வரும் என்று விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா பார்த்துவிட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போடக் கொடுத்துவிட்டு வந்தார். "வியாழக்கிழமை எத்தன மணிக்குன்னு அவன்ட்ட கேளு" என்றார்.

ஆகவே எத்தனை மணி என்று சொல். நாங்கள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவோம். உன்னோடு அந்த ஸ்டேஷன் வராந்தாவில் உட்காருவோம். இதை எல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்பார்கள். தயங்காமல் சொல், எழுதிக்கொள்ளச் சொல். எப்படி எழுத வேண்டும் என்று கேட்டால் இந்தத் தாளைக் காட்டு. அன்றைக்கே நான் எழுதியிருக்க வேண்டியது இது:

வீட்டு எண் பதினேழு. குடும்பத் தலைவர், ஷேக் மைதீன், கடையநல்லூர், பரோட்டா மாஸ்டர். மனைவி, தோட்டத்து லயத்தில் பிறந்தவள், முத்துமாரியின் மகள். மகன், இனியன் மைதீன். உறுப்பினர்கள், மூன்று.